பசிபிக் தீவுகளின் பழைய போர்த்தடிகளைச் சேகரிப்பது எப்படி: கைப்பிடியிலிருந்து தொடங்குங்கள்

ஒரு போர்த்தடியைக் கையில் வாங்கியதும் கண் தானாகத் தலைப்பகுதிக்குப் போய்விடும். முட்கள், வரிகள், கொக்கிகள், முகங்கள் என்று செதுக்கியவன் தன் திறமையை எல்லாம் அங்கேதான் காட்டியிருப்பான். போலி செய்பவனும் தன் உழைப்பை அங்கேதான் செலவிடுகிறான். ஆகவே புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தடியைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியையும் அதன் அடிமுனையையும் முதலில் பாருங்கள் என்பதுதான். ஒரு மனிதன் பல ஆண்டுகள் அந்தத் தடியோடு வாழ்ந்திருந்தால் அதன் சான்று கைப்பிடியில்தான் இருக்கும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு பழக்கத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

எவை எங்கிருந்து வந்தவை

சந்தையில் அதிகமாகக் கிடைப்பவை ஃபிஜித் தீவுகளின் தடிகள். அவற்றுள்ளும் மிகுதியாக வருவது ஊலா என்ற எறிதடி. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமும், ஒரு பக்கம் உருண்டையான கனத்த தலையும் கொண்ட இதை, வீரர்கள் மரப்பட்டைத் துணியாலான இடுப்புக்கச்சையில் ஒன்றோ இரண்டோ செருகிக்கொண்டு போவார்கள். தூரத்திலிருந்து எறிந்து எதிரியை நிலைகுலைய வைப்பது இதன் வேலை. அதன்பின் நீண்ட தடியோ ஈட்டியோ வேலையை முடிக்கும். தலை வழவழப்பான உருண்டையாக இருந்தால் ஒரு பெயர், பூசணிக்காய் போல் வரிவரியாகப் புடைத்திருந்தால் இன்னொரு பெயர் என்று ஊலாவுக்குள்ளேயே பல வகைகள் உண்டு. விலையும் ஒப்பீட்டளவில் குறைவு என்பதால் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

நீண்ட தடிகளில் மூன்றை முதலில் அறிந்துகொள்ளுங்கள். டோட்டோகியா என்பது வளைந்த கழுத்தும், முட்கள் நிறைந்த உருண்டைத் தலையும், அதன் நடுவிலிருந்து நீளும் கூர்மூக்கும் கொண்டது. தோளில் சாய்த்து எடுத்துச் செல்லப்பட்டு, குறுகிய வீச்சில் மண்டையோட்டில் துளை போடுவதற்காகச் செய்யப்பட்டது. ஏலப் பட்டியல்கள் இதை அன்னாசித் தடி என்று எழுதுகின்றன. உண்மையில் அந்தத் தலை தாழம்பழத்தின் உருவம். பசிபிக் கரைகளெங்கும் வளரும் தாழையின் பழத்தைக் கண்டவர் எவருக்கும் அது உடனே புரியும், அன்னாசியோ பின்னர் வெளியிலிருந்து வந்த செடி. ஸாலி என்பது அகன்று வளைந்த தலையும் பக்கவாட்டில் நீட்டிய முளையும் உடையது. துப்பாக்கிக் கட்டையைப் பார்த்துச் செய்தது என்று ஐரோப்பியர்கள் நினைத்ததால் இதற்குத் துப்பாக்கிக்கட்டைத் தடி என்ற தவறான பெயர் ஒட்டிக்கொண்டது. தீவுக்காரர்கள் சூட்டிய பெயரோ ஒரு காட்டு வாழையின் பூவைக் குறிக்கிறது. மூன்றாவதான ஙாட்டா, வாய் பிளந்த பாம்பு. பழைய ஏலப் பெயர்களைத் தேடலுக்காக நினைவில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் உங்கள் பதிவேட்டில் தீவுக்காரர்களின் பெயரையே முதலில் எழுதுங்கள்.

பெயர்களைத் தேடும்போது ஓர் எழுத்துச் சிக்கல் உண்டு. ஃபிஜி மொழியை ரோமன் எழுத்தில் எழுதும்போது 'சி' என்னும் எழுத்து மென்மையான 'த' ஒலியையும், 'ஜி' என்னும் எழுத்து 'ங' ஒலியையும், 'பி' என்னும் எழுத்து 'ம்ப' ஒலியையும் குறிக்கின்றன. ஆகவே துடுப்புப் போல் தட்டையாக விரிந்த தலையுடைய துலாதுலா என்ற தடியின் பெயரை அச்சில் பார்த்துக் குலாகுலா என்றும், தக்கொம்பாவ் என்ற தலைவரின் பெயரைக் கக்கோபாவ் என்றும் படித்துவிடுவது எளிது. துலாதுலா தலைவர்களோடும் பூசாரிகளோடும் தொடர்புடையது. அதன் அகன்ற பரப்பு அம்புகளைத் தட்டிவிடவும் உதவியது.

டோங்கா தீவுகளின் தடிகள் தனி அழகு. தென்னை மட்டையின் வடிவத்தைத் தழுவிய அபாஅபாய் வகை அங்கே சிறப்பு. தலையிலிருந்து கைப்பிடி வரை சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு நெளிகோடுகளைச் செதுக்கி, இடையிடையே மனிதர், பறவை, மீன் போன்ற சிற்றுருவங்களையும் வைத்திருப்பார்கள். இரும்பு வருவதற்கு முன் இந்தக் கோடுகள் சுறாப் பல்லால் கீறப்பட்டவை. ஜேம்ஸ் குக் 1773, 1774, 1777 ஆகிய ஆண்டுகளில் டோங்காவுக்கு வந்தபோது அவருடைய மாலுமிகள் நிறையத் தடிகளைப் பண்டமாற்றில் வாங்கிச் சென்றார்கள். ஃபிஜி, டோங்கா, சமோவா ஆகிய மூன்று இடங்களுக்கும் இடையே திருமணமும் வணிகமும் கைவினைஞர்களின் இடப்பெயர்ச்சியும் இடையறாது நடந்துவந்ததால், ஒரு தடியை இதில் எந்த இடத்துக்கு உரியது என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போவது இயல்பு. அப்படிப்பட்ட தடிக்கு 'மேற்குப் பாலினீசியா' என்று எழுதி வைப்பதே நேர்மை.

மார்க்கேசஸ் தீவுகளின் உ-உ தடி பசிபிக் செதுக்குக்கலையின் உச்சங்களில் ஒன்று. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம். தலையின் இருபுறமும் பெரிய முகம், அதன் கண்களுக்குள் இன்னும் சிறிய முகங்கள். மேல்விளிம்பு மெல்லிய வளைவாகக் குழிந்திருக்கும்; வீரன் அதை அக்குளில் கொடுத்துச் சாய்ந்து நிற்பான். செதுக்கிய தடியைச் சேப்பங்கிழங்கு வயலின் சேற்றில் புதைத்துக் கறுக்கவைத்து, தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்து மெருகேற்றுவார்கள். இது அரிதாகவே விற்பனைக்கு வரும். வந்தால் விலை பெரும்பாலான தனியாரின் எட்டாத தொலைவில் இருக்கும். மலிவாக ஒன்று கிடைக்கிறது என்றால் அதைச் சந்தேகிப்பதற்கு வேறு காரணமே தேவையில்லை.

நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய நீண்ட ஆயுதங்களில் தையாஹாவும் தேஃபாதேஃபாவும் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. தையாஹாவின் ஒரு முனையில் நீட்டிய நாக்கோடு ஒரு முகம் இருக்கும். ஆனால் அடிப்பதற்குரிய முதன்மையான பகுதி மறுபுறத்தின் தட்டையான அலகு. தேஃபாதேஃபாவைப் பார்த்தால் கோடரி போல் இருக்கும். வெட்டுவாய் போலத் தெரியும் பக்கம் வெறும் கனத்துக்காக வைத்தது, அடி விழுவது அதன் எதிர்ப்பக்கத்தால். சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா ஆகியவற்றின் தடிகளும் சந்தையில் உண்டு. நியூ கலிடோனியாவின் கனாக் மக்களுடைய பறவைத்தலைத் தடி அவற்றில் எளிதில் அடையாளம் காணக்கூடியது. எல்லாத் தீவுகளையும் ஒரே நேரத்தில் கற்க முயலாதீர்கள். ஒரு தீவுக்கூட்டம், அதில் இரண்டு அல்லது மூன்று வகை என்று எல்லை வகுத்துக்கொண்டு ஓராண்டு பார்த்தால், ஐந்தாண்டு சிதறிப் பார்ப்பதைவிடக் கண் கூர்மையாகும்.

வாங்குவதற்கு முன் பார்த்துப் பழகுவது

ஒன்றும் வாங்காமல் முதலில் நூறு உண்மையான தடிகளையாவது பாருங்கள். சுவாவில் உள்ள ஃபிஜி அருங்காட்சியகம், வெலிங்டனின் தே பாப்பா, ஆக்லாந்து அருங்காட்சியகம், ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகம், லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் ஆகியவை பெரிய தொகுப்புகளை வைத்திருக்கின்றன. பலவற்றின் பதிவுகளைப் படத்தோடு இணையத்திலேயே பார்க்கலாம். கேம்பிரிட்ஜின் தொல்லியல் மானிடவியல் அருங்காட்சியகத்தில், ஃபிஜியின் முதல் முழுநேர ஆளுநர் ஆர்தர் கார்டனும் அவர் காலத்தில் அங்கிருந்த அனத்தோல் வான் ஹூகலும் 1870களில் சேர்த்த பொருள்கள் இருக்கின்றன. வில்க்ஸ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுப் பயணம் 1840இல் ஃபிஜியில் திரட்டியவை வாஷிங்டனின் ஸ்மித்சோனியனில் உள்ளன. சேர்த்த ஆண்டு தெரிந்த இப்படிப்பட்ட பொருள்களே உங்கள் அளவுகோல். ஆண்டு தெரியாத நூறு தடிகளைப் பார்ப்பதைவிட, 1840க்கு முன் தீவை விட்டு வெளியேறியது என்று உறுதியாகத் தெரிந்த பத்துத் தடிகளைப் பார்ப்பது மேல்.

படத்தில் ஒருபோதும் தெரியாதது எடை. அருங்காட்சியகப் பதிவில் எடை குறிக்கப்பட்டிருந்தால் அதைத் தனியே எழுதி வையுங்கள். ஏலத்துக்கு முந்திய பார்வை நாள்களில் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்க்க அனுமதி உண்டு. வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் அங்கே போய் எடுத்துப் பாருங்கள். நல்ல தடியின் கனம் தலையில் குவிந்திருக்க, கைப்பிடி உள்ளங்கையில் தானாக அமர்ந்துகொள்ளும். சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்பட்ட தடியில் அந்தச் சமநிலை இருக்காது. செய்தவன் அதை ஓங்கிப் பார்த்திருக்கமாட்டான்.

மரமும் நார் ஓட்டமும்

ஃபிஜியில் நொக்கோநொக்கோ என்றும் பாலினீசியாவின் பெரும்பகுதியில் தோவா என்றும் அழைக்கப்படும் மரம்தான் போர்த்தடிக்குரிய முதன்மையான மரம். தமிழில் அதற்குச் சவுக்கு என்று பெயர். முற்றிய சவுக்கின் வைரம், அதாவது அதன் கெட்டியான உள்மரம், தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது, செங்கபிலமானது. வெசி என்ற மரமும் பயன்பட்டது. கையில் எடுத்த பெரிய தடி எதிர்பாராத அளவுக்கு லேசாக இருந்தால், அது மென்மரத்தில் செய்து சாயம் பூசியதாக இருக்கலாம். ஆனால் எல்லா லேசான தடிகளும் போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது: ஃபிஜியின் கியாகவோ போன்றவை நடனத்துக்கும் எடுத்துச் செல்வதற்கும் ஏற்றவாறு இயல்பிலேயே மெலிந்தவை.

மரத்தின் வகையைவிட முக்கியமானது நார் ஓட்டம். வளைந்த கழுத்துள்ள தடிகளுக்காக, தீவுக்காரர்கள் இளமரத்தை வளைத்துக் கட்டி, அது அந்த வளைவிலேயே வளர்ந்து முற்றும் வரை காத்திருப்பதுண்டு. வேரோடு சேர்ந்த அடிமரத்தைத் தலையாக்கிய வுனிகாவ் வகையில், முடிச்சு முடிச்சாகப் பின்னிய வேர்நார்தான் அடியைத் தாங்கும் வலிமை. ஆகவே ஸாலியிலோ டோட்டோகியாவிலோ கழுத்தின் வளைவை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பின்தொடர்ந்து பாருங்கள். நார் வளைவோடு சேர்ந்து வளைந்து போனால் அது நல்ல அறிகுறி. நார் நேராக ஓடிக் கழுத்தின் குறுக்கே அறுபட்டு நின்றால், பலகையிலிருந்து வடிவத்தை அறுத்தெடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட தடி முதல் அடியிலேயே கழுத்தில் முறிந்துவிடும், எந்த வீரனும் அதை நம்பிப் போருக்குப் போயிருக்கமாட்டான்.

மரம் காயும்போது வளையங்களின் போக்கில் அதிகமாகவும், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் குறைவாகவும் சுருங்கும். அதனால் வட்டமாகச் செதுக்கப்பட்ட தண்டு நூறாண்டுகளில் மிகச் சிறிய அளவுக்கு நீள்வட்டமாகிவிடும். அளவுகவையால் இரண்டு திசையில் அளந்தால் இது தெரியும். கையால் செதுக்கியது முதலிலேயே முழு வட்டமாக இருந்திருக்காது என்பதால் இதைத் தனிச்சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் கடைசலில் கடைந்ததுபோலத் துல்லியமான வட்டமாக இருக்கும் தண்டு எச்சரிக்கைதான்.

கைப்பிடியில் தேட வேண்டியவை

நல்ல பகல் வெளிச்சத்தில், தடியைக் கண்ணுக்கு நேராக வைத்து மெல்லச் சுழற்றுங்கள். பல ஆண்டுகள் கைபட்ட இடம் மற்ற இடங்களைவிட ஆழமான, மென்மையான பளபளப்போடு இருக்கும். கை வைத்த இடத்திலிருந்து தலைநோக்கிப் போகப் போக அந்தப் பளபளப்பு படிப்படியாகக் குறையும். ஃபிஜித் தடிகளின் பிடியில் வழுக்காமல் இருப்பதற்காக நெளிநெளியாகச் செதுக்கிய பட்டைகள் உண்டு. உண்மையாகப் பயன்பட்ட தடியில் அந்த நெளிகளின் மேடுகள் மழுங்கி, பள்ளங்கள் மட்டும் கூர்மையாக இருக்கும். பள்ளங்களில் எண்ணெயும் வியர்வையும் புகையும் சேர்ந்த கறுத்த அழுக்கு கெட்டித்திருக்கும். போலியில் மேடும் பள்ளமும் ஒரே அளவில் மழுங்கியிருக்கும், ஏனென்றால் அது உப்புத்தாளால் ஒரே நாளில் தேய்க்கப்பட்டது.

பிறகு அடிமுனை. தடியைத் தரையில் ஊன்றி நிறுத்தியதால் ஏற்பட்ட சிறு நசுங்கல்கள், விளிம்பு உதிர்வுகள் ஆகியவற்றை அங்கே காணலாம். டோங்கா, சமோவா தடிகள் பலவற்றின் அடிமுனையில் கயிறு கோப்பதற்குத் துளையிட்ட ஒரு சிறு காது செதுக்கப்பட்டிருக்கும். கயிறு உராய்ந்த துளையின் உட்புறம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரும்புத் துரப்பணத்தால் போட்ட நேர்த்தியான துளையில் எந்தத் தேய்மானமும் இல்லையென்றால், துளை பின்னால் வந்தது, அல்லது தடி முழுவதுமே பின்னால் வந்தது.

தென்னை நார்ப் பின்னல் சுற்றியிருந்தால், அந்தப் பின்னலுக்கு அடியில் மரத்தின் நிறம் எப்படி இருக்கிறது என்பது மதிப்புமிக்க செய்தி. பின்னலை அவிழ்க்காதீர்கள். ஏற்கெனவே தளர்ந்த இடத்தின் வழியே விளக்கு அடித்துப் பார்த்தாலே போதும்: பழைய தடியில் பின்னலுக்கு அடியில் உள்ள மரம் சற்று வெளிறியும், வெளிப்பட்ட மரம் கறுத்தும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் சாயம் பூசிய பிறகே கயிறு சுற்றப்பட்டிருக்கிறது.

சில ஃபிஜித் தடிகளில் கொன்றவர்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் வெட்டுக்குறிகளும், பதித்த பற்களும் உண்டு. அவை அந்தத் தடியின் வாழ்க்கைக் குறிப்பு. விலையை ஏற்றுவதற்காக இத்தகைய குறிகளைப் பின்னால் சேர்ப்பதும் நடக்கிறது என்பதால், வெட்டின் உட்புறம் சுற்றியுள்ள மரத்தின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

போலியைக் காட்டிக்கொடுக்கும் மற்றவை

இரும்பு வருவதற்கு முன் கல் வாய்ச்சியால் செதுக்கி, பவளத்தாலும் திருக்கை மீனின் சொரசொரப்பான தோலாலும் தேய்த்து முடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு உளியும் ஆணியும் தாராளமாகக் கிடைத்தபோது செதுக்கு வேலை இன்னும் நுணுக்கமாகியது. ஆகவே இரும்புக் கருவித் தடத்தைப் பார்த்து உடனே ஒதுக்கிவிடாதீர்கள். வட்டரம்பத்தின் வில்வளைவான கோடுகளையும், ஒரே திசையில் ஓடும் உப்புத்தாள் கீறல்களையும் பார்த்தால் மட்டும் ஒதுக்குங்கள்.

உளுத்த துளைகளைக் கண்டு பலரும் பழமை என்று நம்பிவிடுகிறார்கள். மரவண்டு வெளியேறும் துளை ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலமுடையது. உள்ளே அதன் பாதை வளைந்து நெளிந்து போகும். மெல்லிய நாரை விட்டுப் பார்த்தால் நேராக அடிவரை இறங்கும் துளை ஊசியாலோ துரப்பணத்தாலோ போட்டது. இன்னொன்றும் உண்டு. மேற்பரப்பில் துளைகளாக இல்லாமல், நீளவாட்டில் திறந்த வாய்க்கால்களாக உளுப்பாதை தெரிந்தால், ஏற்கெனவே உளுத்துப்போன பழைய மரத்தை எடுத்துப் பின்னால் செதுக்கியிருக்கிறார்கள். இந்தப் பாடத்தை நான் ஒரு தடியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கற்றேன். தலையின் அழகில் மயங்கி, தண்டின் அடிப்பக்கத்தில் ஓடிய அந்த வாய்க்கால்களைப் பார்க்கத் தவறிவிட்டேன். அதை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

புற ஊதா விளக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அதன் ஒளியில் அரக்கு மெருகு செம்மஞ்சளாக ஒளிரும். ஒட்டிய முறிவுகளும் அடைத்த இடங்களும் மரத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும். அரக்கு தெரிந்தாலே போலி என்று பொருள் அல்ல. ஐரோப்பிய வீடுகளின் சுவர்களில் தொங்கிய காலத்தில் பல நல்ல தடிகளுக்கு வீட்டார் மெருகு பூசியிருக்கிறார்கள். மெருகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

மரத்திலுள்ள கரிமம் 14இன் அளவைக் கொண்டு வயதைக் கணக்கிடும் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பை ஒரு மந்திரக்கோலாக விற்பவர்கள் உண்டு. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கரிமம் 14இன் அளவை உயர்த்திவிட்டதால், அதற்குப் பின் வளர்ந்த மரத்தை அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். ஆனால் ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையிலான காலத்தில் அளவுகோலின் வரைகோடு ஏற்ற இறக்கங்களோடு தட்டையாகக் கிடப்பதால், குக் காலத்துத் தடியையும் அதற்கு நூறாண்டு பிந்திய தடியையும் அதனால் தெளிவாகப் பிரிக்க முடியாது. அதற்காகப் பொருளைத் துளையிட்டு மாதிரி எடுப்பது பெரும்பாலும் தகாத செலவு.

கைமாறிய வரலாறு

ஒரு தடி யாரிடமிருந்து யாருக்கு, எப்போது போனது என்ற வரலாறு அதன் மதிப்பில் பாதி. லண்டன் வணிகர் வில்லியம் ஓல்ட்மனின் சொந்தத் தொகுப்பை 1948இல் நியூசிலாந்து அரசு 44,000 பவுண்டுக்கு வாங்கி அந்நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்தளித்தது. ஆனால் அவர் வணிகராக விற்ற பொருள்கள் உலகெங்கும் பரவியிருக்கின்றன. ஆங்கிலேயச் சேகரிப்பாளர்களான ஹாரி பீஸ்லியின் கிரான்மோர் அருங்காட்சியகம், ஜேம்ஸ் ஹூப்பரின் தொகுப்பு ஆகியவற்றிலிருந்து வந்தவையும் அப்படியே. ஹூப்பர் தொகுப்பு 1970களின் பிற்பகுதியில் தொடர் ஏலங்களில் விற்கப்பட்டது. இத்தகையவர்கள் தடியின் மேல் வெள்ளை மையில் எழுதிய சிறு எண்ணோ, ஒட்டிய தாளோ கிடைத்தால் அது பொக்கிஷம். சுத்தம் செய்கிறோம் என்று அதைத் துடைத்துவிட்டவர்கள் உண்டு. அந்த இழப்பை எந்தப் பணத்தாலும் ஈடுசெய்ய முடியாது. அதே வேளையில் ஒட்டிய தாளைப் பெயர்த்து வேறு தடியில் ஒட்டலாம் என்பதையும் மறக்க வேண்டாம். தாளில் உள்ள அளவும் விவரமும் கையில் உள்ள பொருளோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள்.

விற்பவரிடம் வரலாற்றைக் கேட்கும்போது, 'பழைய தனியார் தொகுப்பு' என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். ரசீது, கடிதம், குடும்பப் புகைப்படம், பழைய ஏலப் பட்டியலின் பக்கம் என்று ஏதாவது ஒரு தாள் வேண்டும். விற்பவர் கூறுவது வாய்மொழி என்றால், அதை எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்காமல் எழுதித் தருபவர் பெரும்பாலும் தான் சொல்வதை நம்புகிறவர்.

சட்டமும் கடமையும்

ஏற்றுமதிச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுபடும், ஆனால் ஏதுமில்லாத நாடு அரிது. நியூசிலாந்தில் பாதுகாக்கப்பட்ட பொருள்கள் சட்டம், 1975, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட மாவோரிப் பொருள்களைத் தாவோங்கா தூத்துரு என்ற வகையில் சேர்த்து, அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேற்றுவதைத் தடை செய்கிறது. பாப்புவா நியூ கினியில் தேசியப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் 1965 முதல் உண்டு. ஃபிஜியில் 1940ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆகவே ஒரு பொருள் தீவை விட்டு எப்போது வெளியேறியது என்பது வரலாற்று ஆர்வத்துக்கான கேள்வி மட்டுமல்ல, அது சட்டக் கேள்வியும்கூட.

டோங்கா, ஃபிஜித் தடிகளில் பதித்த வெண்ணிறத் துண்டுகள் பெரும்பாலும் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் பல். அந்த விலங்கு அழியும் உயிரின வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் இணைப்பில் இருப்பதால், எல்லை கடந்து கொண்டுபோக உரிமம் தேவை. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2025 ஜனவரி முதல் இந்தப் பல்லையும் உள்ளடக்குகிறது. வாங்கிய பிறகு சுங்கத்தில் பறிகொடுப்பதைவிட, வாங்குமுன் உரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். மனிதப் பல்லோ தலைமுடியோ சேர்ந்த தடி என்றால் அது வெறும் கலைப்பொருள் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. அது யாரோ ஒருவரின் முன்னோர்.

திருப்பித் தருவது பற்றியும் சேகரிப்பவர் தெரிந்திருக்க வேண்டும். 1874 அக்டோபரில் ஃபிஜியைப் பிரிட்டனிடம் ஒப்படைத்தபோது தக்கொம்பாவ் தன் போர்த்தடியை விக்டோரியா மகாராணிக்கு அனுப்பினார். 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதைத் திருப்பி அனுப்ப, அது ஃபிஜியின் சட்டமன்றச் செங்கோலாயிற்று. ஒரு தடிக்கு அப்படியொரு பெயரும் குலமும் இருப்பது தெரியவந்தால், அந்தத் தீவின் அருங்காட்சியகத்துக்குப் படத்தோடு ஒரு கடிதம் எழுதுங்கள். விற்பதற்கு முன் அந்தக் கடிதம் போயிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டில் வைத்துக் காப்பது

தொடும்போது நைட்ரைல் கையுறை அணியுங்கள். மரத்துக்காக மட்டுமல்ல, உங்களுக்காகவும்தான்: பழைய தொகுப்புகளில் பூச்சிகளுக்கு எதிராக ஆர்சனிக், பாதரசம், டிடிடி போன்றவற்றைத் தூவியிருக்கிறார்கள், அவை இன்னும் பள்ளங்களில் இருக்கக்கூடும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். ஆளி எண்ணெய் பூசாதீர்கள். அது ஒட்டும் பிசினாகி, தூசியைப் பிடித்து, பள்ளங்களில் இருந்த பழைய அழுக்கையும் சுண்ணாம்பு நிரப்பலையும் கெடுத்துவிடும்.

காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிலையாக இருப்பது நல்லது; அந்த எண்ணைவிட நிலைத்தன்மைதான் முக்கியம். வெயிலும் வெப்பக் காற்றும் படும் சுவர் வேண்டாம். அடிமுனைக் காதிலோ பழைய பின்னலிலோ கயிறு கட்டித் தொங்கவிடாதீர்கள். மெத்தென்ற உறையிட்ட இரண்டு தாங்கிகளில் கிடத்துங்கள். தடிக்குக் கீழே மாவு போன்ற புதிய தூள் விழுந்திருந்தால் வண்டு உயிரோடிருக்கிறது. உடனே நெகிழித்தாளில் காற்றுப் புகாமல் சுற்றித் தனிமைப்படுத்துங்கள். பல் பதித்தவற்றைத் தவிர மற்றவற்றுக்கு உறைநிலைச் சிகிச்சை பலன் தரும்: பூச்சிமருந்தை ஊற்றுவதற்குப் பதிலாக, சுற்றிய நிலையிலேயே கழித்தல் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, பின் பிரிக்காமல் ஒரு நாள் அறை வெப்பத்துக்கு வர விடுங்கள்.

கடைசி வேலை, ஆனால் பொருள் வீட்டுக்கு வந்த அன்றே செய்ய வேண்டியது, பதிவு அட்டை. நீளம், தலையின் அகலம், எடை. தலை, கைப்பிடி, அடிமுனை, நார் ஓட்டம் ஆகியவற்றின் அண்மைப் படங்கள். தீவின் பெயர், வகையின் உள்ளூர்ப் பெயர். யாரிடம், எந்த நாளில், என்ன விலைக்கு வாங்கியது. விற்றவர் சொன்னது என்ன, நீங்களே கண்டது என்ன என்பதைத் தனித்தனி வரிகளில். எண்ணை மரத்தில் எழுதாமல், அமிலமற்ற தாளில் எழுதிப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். அட்டையின் ஒரு படியை வீட்டுக்கு வெளியே வேறோர் இடத்தில் வையுங்கள். உங்களுக்குப் பின் அந்தத் தடி யார் கைக்குப் போகிறதோ, அவர்களுக்கு அது தடியோடு சேர்ந்தே போய்ச் சேரும்படி குடும்பத்தாரிடம் சொல்லி வையுங்கள்.